ஜிம்னாஸ்டிக்ஸை விட்ட பிறகு என்ன விளையாட்டு? பெற்றோர் கேட்கும் கேள்விகள்

என் பெண் 6 வயதில் ஜிம்னாஸ்டிக்ஸில் சேர்ந்தாள், 14 வயதில் நிறுத்தினாள். கடைசி மூன்று வருஷம் வாரத்துக்கு 20 மணி நேரம் பயிற்சி. நிறுத்திய பிறகு வந்த ஒரு வருஷம் எங்கள் வீட்டில் நடந்த தடுமாற்றத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள், தங்கள் பிள்ளை நிறுத்தும்போது எனக்கு போன் செய்கிறார்கள். ஆளுக்கு ஆள் ஊர்தான் மாறுகிறது, கேள்விகள் அப்படியேதான் இருக்கின்றன. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, கோச்சும் இல்லை. எட்டு வருஷம் மேட் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மா. "அவள்" என்றே எழுதுகிறேன். பையன்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதை ஓரிடத்தில் சொல்லியிருக்கிறேன்.

நேற்றுத்தான் நிறுத்தினாள். அடுத்து எதில் சேர்க்கலாம்?

இப்போதைக்கு எதிலும் சேர்க்காதீர்கள்.

நான் சேர்த்தேன். நிறுத்திய மூன்றாம் நாளே ஒரு பேட்மின்டன் அகாடமியில் மூன்று மாதப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். மாலை நான்கரை மணிக்கு அவள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அதுதான் உண்மையான காரணம். அவள் பதினோரு நாள் போனாள். பன்னிரண்டாம் நாள் ராக்கெட் பையை ஷூ ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ரூமுக்குப் போய்விட்டாள்.

நிறுத்திய அன்று அவள் அழவில்லை. கிளப்பில் எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் வந்தாள். "பரவாயில்லையே, பக்குவமாக எடுத்துக்கொண்டாள்" என்று நானும் அவரும் பேசிக்கொண்டோம். இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பார்ஸ் கம்பியில் தொங்கித் தொங்கி உள்ளங்கையில் விரல்களுக்குக் கீழே வரிசையாகக் காய்ப்பு இருக்கும். அது உரிந்து உரிந்து அன்றைக்குக் கடைசித் துண்டும் போயிருந்தது. கையை என்னிடம் நீட்டி, "அம்மா, சாஃப்டா ஆயிடுச்சு" என்றாள். அப்புறம்தான் அழுதாள். அன்றைக்கு அழுதது போல அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை.

வீட்டில் ஒரு இழப்பு நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இழப்பு நடந்த வீட்டில் மறுநாளே கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டோம்.

எவ்வளவு நாள் காத்திருப்பது?

கணக்கு எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதம் வரை ஆகியிருக்கிறது. ஆனால் விளையாட்டு வேண்டாம் என்பது வேறு, உடம்பை அசைக்கவே வேண்டாம் என்பது வேறு. வாரத்துக்கு 20 மணி நேரம் உழைத்த உடம்பு திடீரென்று நின்றால் தூக்கம் கெடும், பசி தாறுமாறாகும், எரிச்சல் வரும். சைக்கிள், கடற்கரையில் நடை, நீச்சல் என்று போட்டி இல்லாத ஏதாவது ஒன்று தினமும் கொஞ்ச நேரம் இருக்கட்டும். தம்பி தங்கையோடு தெருவில் ஓடினாலும் போதும்.

ஏன் நிறுத்தினாள் என்பது முக்கியமா? நிறுத்தியாச்சு, இனி அதைக் கிளறுவானேன் என்று தோன்றுகிறது.

மிக முக்கியம். அடுத்த விளையாட்டு எது என்பதில் பாதி அதில்தான் இருக்கிறது.

வளர்ந்துவிட்டதால் நிறுத்தினாளா? பன்னிரண்டு, பதின்மூன்றில் ஒரே வருஷத்தில் ஏழெட்டு சென்டிமீட்டர் வளர்ந்த பிள்ளைக்கு நேற்று வரை வந்த சுழற்சி இன்று வராது. கை கால் நீளம் மாறிவிட்டது, எடை விழும் இடமும் மாறிவிட்டது. அவள் சோம்பேறியும் ஆகவில்லை, திறமையும் போகவில்லை. இந்த உயரத்தையே மற்ற விளையாட்டுகள் தேடிக்கொண்டிருக்கின்றன.

பயத்தினால் நிறுத்தினாளா? பின்னால் பாய்ந்து கை ஊன்றிப் புரளும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கை ஆயிரம் முறை செய்த பிள்ளை ஒரு நாள் பீமில், அந்த ஒடுங்கிய கட்டையின் மேல் நின்று கையைத் தூக்குவாள், இறக்குவாள், மறுபடி தூக்குவாள். உடம்பு போகாது. கோச்சுகள் இதை "பிளாக்" என்பார்கள். அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸுக்கே 2021இல் டோக்கியோவில் காற்றில் தன் உடம்பு எங்கே இருக்கிறது என்பது தெரியாமல் போய், குழு இறுதிப் போட்டியின் நடுவிலேயே விலகினார். 2024 பாரிஸில் மூன்று தங்கத்தோடு திரும்பினார். இதை உங்கள் பிள்ளையிடம் "பார், அவர் திரும்பி வந்தார், நீயும் போ" என்று சொல்வதற்காக எழுதவில்லை. உலகத்திலேயே சிறந்தவருக்கும் அது வரும் என்று அவள் தெரிந்துகொண்டால் அவமானம் கொஞ்சம் குறையும். அப்படிப் பயந்து நிறுத்திய பிள்ளையை உடனே டைவிங் பலகையில் ஏற்றாதீர்கள். கால் தரையில் இருக்கும் விளையாட்டிலிருந்து தொடங்கட்டும்.

கோச்சினால் நிறுத்தினாளா? திட்டு, எடை பற்றிய கேலி, எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தது. இது வெளியே வர நாளாகும். அப்படியிருந்தால் விளையாட்டைவிட கோச் யார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடித்தல், தவறாகத் தொடுதல் என்று ஏதாவது நடந்திருந்தால் அது விளையாட்டுப் பேச்சே இல்லை. 1098 குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், போலீசுக்குப் போங்கள். "மானம் போய்விடும்" என்று மூடி வைக்காதீர்கள்.

படிப்புக்காக நிறுத்தினாளா? இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். நம் ஊரில் நிறையப் பேர் நிறுத்துவது இதற்காகத்தான்.

சரி, எந்த விளையாட்டு பிடிக்கும் என்று கேட்டால் "தெரியல" என்கிறாளே?

அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருக்காது. அவளுக்குத் தெரிந்தது ஒரே விளையாட்டு. நான் கேட்கச் சொல்லும் கேள்வி: "எது இல்லாம கஷ்டமா இருக்கு? எது இல்லாம நிம்மதியா இருக்கு?"

இரண்டையும் கேளுங்கள். எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்காதீர்கள், விசாரணை போல ஆகிவிடும். நான் ஸ்கூட்டரில் போகும்போது கேட்டேன். முகம் பார்க்க வேண்டியதில்லை, சத்தத்தில் பாதி கேட்காது, பிள்ளைகளுக்கு அது சௌகரியம். வேளச்சேரி பாலம் ஏறும்போது பின்னாலிருந்து சொன்னாள்: "யாரும் மார்க் போடறதில்ல. அது நிம்மதியா இருக்கு." அப்புறம் சிக்னலில் நிற்கும்போது, "டிரெயின்ல எல்லாரும் சேர்ந்து போவோம்ல, புளிசாதம் எடுத்துட்டு. அது இல்லாமத்தான்…" என்று இழுத்தாள்.

எட்டு வருஷத்தில் அவள் கற்ற சுழற்சிகளில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. மாநிலப் போட்டிக்கு ரயிலில் போன ராத்திரிகளைச் சொன்னாள். நானோ அதுவரை அவள் கற்ற வித்தை வீணாகாத விளையாட்டு எது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பிள்ளை "பறக்கிறது" என்று சொல்லலாம். இன்னொருத்தி "தனியா நிப்பேன்ல, எல்லாரும் என்னைப் பார்ப்பாங்க" என்று சொல்லலாம். ஒருத்தி, "தினமும் ஒண்ணு புதுசா வரும்" என்றாளாம். ஒவ்வொரு பதிலும் ஒவ்வொரு விளையாட்டுக்குக் கொண்டுபோகும்.

ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சி கைகொடுக்கும் விளையாட்டுகள் எவை?

பறப்பது பிடித்த பிள்ளைக்கு முதலில் சொல்வது போல் வால்ட், அதாவது கோலூன்றித் தாண்டுதல். ஓடி வந்து, கம்பை ஊன்றி, தலைகீழாக எழும்பி, உடம்பைத் திருப்பிக் கம்பியைத் தாண்டுவது முழுக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வேலை. ரஷ்யாவின் யெலேனா இசின்பயேவா 5 வயது முதல் 15 வயது வரை ஜிம்னாஸ்ட். உயரம் அதிகம் என்று அங்கே இடமில்லாமல் போனது. போல் வால்ட்டுக்கு மாறிய ஆறே மாதத்தில், 1998இல் மாஸ்கோவில் நடந்த உலக இளையோர் போட்டியில் 4 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். பிறகு 2004, 2008 ஒலிம்பிக் தங்கம். 2009இல் அவர் தாண்டிய 5.06 மீட்டர்தான் பெண்களுக்கான உலக சாதனை. நம் பக்கத்திலும் இந்த விளையாட்டுக்கு நல்ல வேர் இருக்கிறது. பெண்கள் தேசிய சாதனையை 2014இல் 4.15 மீட்டருக்குக் கொண்டுபோன சுரேகாவும், 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில் அதை 4.20 ஆக்கிய ரோஸி மீனாவும் தமிழ்நாட்டுப் பெண்கள். என் மகளோடு பயிற்சி செய்த ஒரு பெண் இதற்குத்தான் போனாள். அவள் சொன்னதை நான் மறக்கவில்லை: "ஆன்ட்டி, கம்பி நின்னா நின்னது, விழுந்தா விழுந்தது. கால் நேரா இருந்துச்சான்னு யாரும் பார்க்க மாட்டாங்க."

டைவிங்கைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். சென்னையில் வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் டைவிங் குளம் உண்டு. சுழற்சி, முறுக்கு, நேரான கால் எல்லாமே அப்படியே வரும். ஒன்று மட்டும் தலைகீழ்: எட்டு வருஷம் காலில் இறங்கிய பிள்ளை இங்கே தலை முன்னால் போக நுழைய வேண்டும். முதல் மாதம் முழுக்க அதற்கே போகும். இங்கேயும் நடுவர் உண்டு, மதிப்பெண் உண்டு என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். நாங்கள் மூன்று வாரம் போனோம். "அம்மா, மறுபடியும் அதே மேசை, அதே மார்க்" என்றாள். எழுந்து வந்துவிட்டோம்.

மல்லர் கம்பம் மரக் கம்பத்திலும் கயிற்றிலும் செய்யும் ஜிம்னாஸ்டிக்ஸ் என்றே சொல்லலாம். விழுப்புரத்தில் இதற்கு நல்ல பயிற்சி இருக்கிறது. கேலோ இந்தியா இளையோர் போட்டிகளிலும் சேர்த்திருக்கிறார்கள். பெண்பிள்ளைகள் கயிற்றில் செய்வதை ஒரு முறை நேரில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். இதுவும் மதிப்பெண் போடும் விளையாட்டுதான். போட்டி யோகாசனமும் அப்படியே.

சுவர் ஏறுதல், அதாவது கிளைம்பிங், எனக்கு மிகவும் பிடித்தது. தன் எடையைத் தானே தூக்கும் கையும், பிடியை விடாத விரலும் ஜிம்னாஸ்டுக்கு ஏற்கெனவே இருக்கும். டோக்கியோவிலிருந்து ஒலிம்பிக் விளையாட்டு. சென்னையிலும் பெங்களூரிலும் உள்ளரங்கச் சுவர்கள் இருக்கின்றன. சிறிய ஊர்களில் கிடைப்பது கஷ்டம்.

சிலம்பத்துக்கு எந்த ஊரிலும் ஆசான் கிடைப்பார். உருளல், தாவல், கால்வரிசை எல்லாம் பழகிய பிள்ளை சுருக்காகப் பிடித்துக்கொள்வாள். பளு தூக்குதலைப் பெண்பிள்ளைக்குச் சொன்னால் பாட்டிமார் முகம் சுளிப்பார்கள். ஆனால் வெடித்து எழும்பும் தொடையும் நெகிழ்ந்த தோளும் அதற்குத் தேவை, இரண்டும் அவளிடம் இருக்கிறது. கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்குப் பள்ளிகள் உண்டு. பத்து சென்டிமீட்டர் அகல பீமில் நடந்த கால் பலகையில் சீக்கிரம் நிற்கும். நீச்சல் நன்றாகத் தெரிந்த பிறகுதான் அலை.

என் பெண் குள்ளம். அதுவும் பந்தைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்கிறாள். குழு விளையாட்டெல்லாம் சரிப்படுமா?

என் பெண்ணும் அப்படித்தான். இப்போது வாலிபால் ஆடுகிறாள்.

வாலிபாலில் லிபரோ என்று ஒரு இடம் இருக்கிறது. வேறு நிற ஜெர்சி போட்டிருப்பார்களே, அவர்தான். சர்வதேச விதிகளில் 1998இல் வந்தது. லிபரோ பின்வரிசையில் மட்டும்தான் ஆடுவார், வலைக்கு மேலே இருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் அடிக்கக் கூடாது, வலையோரம் கையைத் தூக்கித் தடுக்கவும் கூடாது. எதிரணி அடிப்பதைத் தரையில் விழாமல் எடுப்பதே வேலை. உயரம் தேவையில்லை. தரைக்குப் பாய்ந்து, மார்பில் சறுக்கி, தோளில் உருண்டு, அடுத்த நொடி எழுந்து நிற்கத் தெரிய வேண்டும். மற்ற பிள்ளைகளுக்குத் தரையில் விழுவதற்கான பயம் போகவே ஒரு வருஷம் ஆகும். ஜிம்னாஸ்ட் பிள்ளைக்குத் தரையோடு பயமே கிடையாது.

பந்தோடுதான் பயம். அதைப் போக்க நாங்கள் செய்தது இதுதான். அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கில் ராத்திரி எட்டு மணிக்கு, முதலில் பலூன். அப்புறம் கடற்கரையில் விற்கும் லேசான ரப்பர் பந்து. அப்புறம் காற்று குறைத்த வாலிபால். அப்பா போடுவார், அவள் முன்கையில் எடுத்துத் திருப்புவாள். பந்து கையில் படும் கணத்தில் கண் மூடுகிறதா என்று நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். மூடினால் "மூடிட்ட" என்று மட்டும் சொல்வேன். ஆறு வாரம் ஆனது. முழுக் காற்றடித்த பந்தில் இருபதுக்கு இருபது கண் திறந்து எடுத்த அன்று, மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு மாமா கைதட்டினார்.

மூன்றாம் மாதம் பள்ளி அணியோடு திருச்சிக்கு ரயிலில் போனாள். புளிசாதம் கட்டிக் கொடுத்தேன்.

14 வயது ஆகிவிட்டதே. மற்றவர்கள் எட்டு வயதிலேயே தொடங்கியிருப்பார்களே?

ஜிம்னாஸ்டிக்ஸ் பார்த்த கண்ணுக்கு 14 என்பது முதுமை மாதிரித் தெரியும். வெளியே வந்து பார்த்தால் அப்படியில்லை. பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 வயதுப் பிரிவுகள் இருக்கின்றன. அவள் கையில் முழுசாக இரண்டு பிரிவுகள் மிச்சம் இருக்கின்றன. பிரிட்டனின் ஹெலன் குளோவர் துடுப்புப் படகுக்கு வந்தது 2008இல், இருபது வயது தாண்டிய பிறகு. 2012 லண்டனில் தங்கம் வாங்கினார். ஓட்டம், தாவல், துடுப்பு, பளு, சுவர் ஏறுதல் போன்றவற்றில் பதினான்கில் தொடங்குவது சாதாரணம். டென்னிஸ், பேட்மின்டன் போலக் கையும் கண்ணும் சின்ன வயதிலிருந்தே பழக வேண்டியவற்றில் முன்னணிக்குப் போவது கடினம்தான். முன்னணிக்குப் போகத்தான் ஆட வேண்டுமா என்பதை வீட்டில் ஒரு முறை பேசிக்கொள்ளுங்கள்.

உண்மையான கஷ்டம் வேறு. அவள் பல வருஷம் அரங்கிலேயே தேர்ந்தவளாக இருந்தவள். இப்போது ஒன்பது வயதுப் பிள்ளையோடு வரிசையில் நின்று, அந்தப் பிள்ளை செய்வதை இவளால் செய்ய முடியாது. அந்த நாளில் "எவ்வளவு பெரிய ஜிம்னாஸ்ட் நீ, இது வரலையா?" என்று யாரும் சொல்லிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். புது கோச்சிடமும் பழைய மெடல்களை அடுக்காதீர்கள். அவளே சொல்ல வேண்டும் என்றால் சொல்வாள்.

பழைய பழக்கங்கள் ஏதாவது இடைஞ்சல் செய்யுமா?

செய்யும். ஓடும்போது பாதவிரல் நீட்டி, நுனிக்காலில் ஓடுவாள். குதித்து இறங்கும்போது இரண்டு காலையும் ஒட்டி வைத்து "ஸ்டிக்" அடித்து நின்றுவிடுவாள். வாலிபாலிலும் கபடியிலும் இறங்கின கையோடு அடுத்த பக்கம் நகர வேண்டும். நிற்கிறவளின் முட்டிதான் அடி வாங்கும். இடுப்புக்கு மேல் முதுகை வளைத்து மார்பை நிமிர்த்தி நிற்கும் பழக்கமும் அப்படியே இருக்கும். முதல் இரண்டு மாதம் இதை மட்டும் திருத்தச் சொல்லி கோச்சிடம் கேட்கலாம்.

மூச்சும் போதாது. தரையில் செய்யும் ஃப்ளோரிலும் பீமிலும் அதிகபட்சம் 90 விநாடி. ஓடி வந்து மேசையைத் தாண்டும் வால்ட் சில விநாடி. அத்தனை பலமான பிள்ளை மைதானத்தை நாலு சுற்று ஓடினால் நாக்கு தள்ளுகிறதே என்று பயப்படாதீர்கள். அந்த வகைப் பயிற்சியே அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும்.

அடிபட்டுத்தான் நிறுத்தினாள். என்ன கவனிக்க வேண்டும்?

பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு எலும்பு டாக்டரையோ விளையாட்டு மருத்துவம் பார்ப்பவரையோ புது விளையாட்டில் சேர்க்கும் முன்பே பாருங்கள். விளையாட்டின் பெயரை மட்டும் சொன்னால் போதாது, அதில் உடம்பு என்ன செய்யும் என்று காட்டுங்கள்.

ஜிம்னாஸ்ட் பிள்ளைகளுக்கு அதிகம் வருவது இரண்டு. ஒன்று மணிக்கட்டு. கையை ஊன்றி ஊன்றி, வளரும் எலும்பின் நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டு நொந்துபோகும். எடையைக் கையில் ஊன்றாத விளையாட்டு அவளுக்கு நல்லது. இன்னொன்று கீழ்முதுகு. பின்னால் வளைந்து வளைந்து முதுகெலும்பின் பின்பக்கத்தில் மயிரிழை விரிசல் விழும். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசும் பையன்களுக்கும் இதே இடத்தில்தான் வரும். முதுகு சரியாகாமல் வாலிபாலில் எம்பி அடிக்கும் ஸ்பைக், பட்டர்ஃபிளை நீச்சல், போல் வால்ட், தலைக்கு மேல் பளு தூக்குவது எதற்கும் போக வேண்டாம்.

வலி இருந்தாலும் சொல்ல மாட்டாள். வலியைச் சொல்லாமல் இருப்பதற்குப் பாராட்டு வாங்கிய பிள்ளை அவள். அதனால் "வலிக்குதா?" என்று கேட்டுப் பயனில்லை. காலையில் படுக்கையிலிருந்து எழுவதையும் தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதையும் பாருங்கள்.

எடை கூடுகிறது. சொந்தக்காரர்கள் பார்க்கிற இடத்திலெல்லாம் சொல்கிறார்கள்.

கூடட்டும். பல வருஷக் கடும் பயிற்சியில் தள்ளிப்போன வளர்ச்சி இப்போது வந்து சேர்கிறது. இடுப்பு அகலும், மார்பு வளரும், தசை கொஞ்சம் குறையும். அவள் வயதுப் பெண்ணின் உடம்பு அப்படித்தான் இருக்க வேண்டும். விசேஷ வீட்டில் "என்னடி, குண்டாயிட்ட?" என்று யாராவது தொடங்கினால், பிள்ளை பதில் சொல்லும் முன் நீங்கள் பேச்சை நிறுத்துங்கள். நான் என் நாத்தனாரிடம் நேராகவே சொன்னேன். ஒரு மாதம் பேசவில்லை. பரவாயில்லை.

15 வயதாகியும் வயதுக்கு வரவில்லை என்றாலோ, வந்த பிறகு மூன்று மாதம் மாதவிடாய் நின்றிருந்தாலோ மகப்பேறு டாக்டரைப் பாருங்கள். "ஜிம்னாஸ்டுக்கு அப்படித்தான்" என்று விடக் கூடாது. உடம்புக்குப் போதுமான சாப்பாடு கிடைக்காததன் அடையாளம் அது, எலும்பைப் பாதிக்கும். ஒளித்து ஒளித்துச் சாப்பிடுவது, சாப்பிட்டதும் பாத்ரூம் போவது, தட்டில் கணக்குப் பார்ப்பது எல்லாம் தெரிந்தாலும் தள்ளிப்போட வேண்டாம்.

பத்தாவது வருகிறது. இப்போது போய்ப் புது விளையாட்டா?

வாரத்துக்கு 20 மணி நேரம் ஆடிக்கொண்டே ஒன்பதாவது வரை தேறிய பிள்ளை. வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் அவள் படிப்பைக் கெடுக்காது. எல்லா அசைவையும் நிறுத்தி மேசையில் உட்கார வைத்த பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பொதுத்தேர்வு வருஷத்தில் போட்டிகள் வேண்டாம், பயிற்சி இருக்கட்டும். மார்ச்சில் வேண்டுமானால் அதையும் குறைத்துக்கொள்ளலாம்.

இத்தனை வருஷம் செலவழித்த பணமெல்லாம் வீணா?

இதைக் கேட்கும் எல்லா அப்பாக்களின் குரலிலும் ஒரு வலி இருக்கிறது. லியோடார்டு, ஃபீஸ், பயணம், விட்ட லீவு. நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வார்த்தை அவள் காதில் விழ வேண்டாம். அவளும் அதைத்தான் ராத்திரியில் படுத்துக்கொண்டு யோசிக்கிறாள்.

சான்றிதழ்களை மட்டும் பத்திரமாக வையுங்கள். மாவட்டம், மாநிலம், பள்ளி விளையாட்டு என்று பிரித்து, தேதியோடு ஒரு ஃபைலில். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு எந்தெந்த வருஷத்துச் சான்றிதழ், எந்த அளவுப் போட்டி செல்லும் என்பதை அந்தந்த வருஷ அறிவிப்பில் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒதுக்கீட்டுக்காகவே ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒதுக்கீடு கிடைத்த பிறகு கல்லூரி அணியில் நாலு வருஷம் ஆடப்போவது அவள்தான்.

இனிமேல் அவ்வளவு செலவு செய்ய முடியாது. என்ன வழி?

மாவட்ட விளையாட்டு அரங்கத்துக்கு நேரில் போங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோச்சுகள் அங்கே இருப்பார்கள், தனியார் அகாடமியைவிடக் கட்டணம் மிகக் குறைவு. எந்த விளையாட்டுக்கு அங்கே நல்ல கோச் இருக்கிறார் என்று மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேளுங்கள். பள்ளி உடற்கல்வி ஆசிரியரையும் விடாதீர்கள். குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுகள், முதலமைச்சர் கோப்பை எல்லாவற்றுக்கும் எப்போது பதிவு என்று அவருக்குத்தான் தெரியும்.

புது கோச்சைப் பார்க்கும்போது என்ன கேட்க வேண்டும்?

கேட்பதைவிட, ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். தப்புச் செய்த பிள்ளையிடம் அவர் என்ன சொல்கிறார், அந்தப் பிள்ளை அடுத்து அவர் முகத்தைப் பார்க்கிறதா, தரையைப் பார்க்கிறதா. "பெற்றோர் உள்ளே வரக் கூடாது" என்று கதவைச் சாத்தும் இடம் எனக்குப் பிடிக்காது. பணத்தை மாதாமாதம் கட்டுங்கள். மூன்று மாதம், ஒரு வருஷம் என்று மொத்தமாகக் கட்டினால், "பணம் கட்டியாச்சு, போ" என்று நாமே சொல்லிவிடுவோம்.

ஒவ்வொன்றையும் ஒரு மாதம் முயன்று பார்க்கலாம் என்று அவளோடு பேசி வையுங்கள். ஒரு மாதம் முடிந்து பிடிக்கவில்லை என்றால் காரணம் கேட்காமல் விடுங்கள். மூன்று, நாலு விளையாட்டு மாறினால் "எதிலும் நிலைக்க மாட்டேங்கிறா" என்று தோன்றும். எட்டு வருஷம் ஒன்றில் நிலைத்தவளிடம் அந்த வார்த்தை எப்படிச் செல்லும்?

பையனுக்கு ஏதாவது வித்தியாசமா?

ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் வளையம், பேரலல் பார் எல்லாம் இருப்பதால் தோளும் மேல்கையும் இன்னும் பலமாக இருக்கும். துடுப்பு, மல்யுத்தம், ஜூடோ, பளு நன்றாக வரும். அவனிடம் கேலிதான் பிரச்சினை. "டான்ஸ் ஆடுற விளையாட்டு" என்று பள்ளியில் கிண்டல் கேட்டு நிறுத்திய பையன்கள் உண்டு. வீட்டில் அதைச் சொல்லவே மாட்டார்கள். நீங்களாகத்தான் கேட்க வேண்டும்.

எதுவுமே வேண்டாம் என்கிறாள். விட்டுவிடலாமா?

விடலாம். பரதநாட்டியம், ஓவியம், சமையல், தோழிகளோடு ஊர் சுற்றுவது என்று பல வருஷம் இழந்ததை எல்லாம் இப்போது வாழ்ந்து பார்க்கட்டும். விளையாட்டு இல்லாமல் நல்ல மனுஷியாக வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் தோழிகளும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம், தூக்கமும் இல்லை, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று அடிக்கடி வருகிறது என்றால் அது விளையாட்டைப் பற்றிய முடிவு இல்லை, மனம் நோய்வாய்ப்பட்டிருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி இருந்தால் டாக்டரிடம் போங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே போங்கள், தனியாக விடாதீர்கள்.

பழைய கிளப் தோழிகளைப் பார்க்க விடலாமா? ஏக்கம் கூடுமோ?

விடுங்கள். கிளப்புக்குள் போகப் பிடிக்காவிட்டால் அவர்களை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டு நீங்கள் சமையலறையிலேயே இருங்கள். அந்தப் பிள்ளைகளுக்குள் ஒரு பாஷை இருக்கிறது, நமக்குப் புரியாது.

ஒரு வருஷம் கழித்து மறுபடியும் ஜிம்னாஸ்டிக்ஸுக்கே போகிறேன் என்றால்?

போகட்டும். நம் நாட்டு ஜிம்னாஸ்ட் தீபா கர்மாகர் 2024இல் தன் 30ஆவது வயதில் ஆசிய சாம்பியன்ஷிப்பில் வால்ட்டில் தங்கம் வாங்கிவிட்டுத்தான் அந்த வருஷம் ஓய்வு பெற்றார். உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிடினா 46 வயதில் டோக்கியோவில் ஒலிம்பிக் வால்ட்டுக்கு ஓடி வந்தார். வயது கதவைச் சாத்தவில்லை.

திரும்பிப் போகும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. உடம்பு வளர்ந்திருக்கும், ஆனால் மனசுக்குப் பழைய கணக்குத்தான் ஞாபகம் இருக்கும். கார்ட்வீல், ஹேண்ட்ஸ்டாண்ட், உருளல், தாழ்வான பீம் என்று இரண்டு மாதம். பஞ்சு நிரப்பிய பிட்டில் (குழியில்) இறங்கிப் பழகாமல் எந்தச் சுழற்சியும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள், போட்டி இல்லாமல், பிடித்ததற்காக மட்டும் வரலாமா என்றும் கோச்சிடம் கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்கிற கோச்சுகள் இருக்கிறார்கள். என் பெண்ணுக்கு ஒருவர் அப்படிக் கிடைத்தார். வாலிபால் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறாள். உள்ளங்கையில் மறுபடியும் லேசாகக் காய்ப்பு ஏறியிருக்கிறது.